கழுதைக்கும் ஒரு கும்பிடு

ஆலங்கோம்பைத் தெருவில் அன்று காலை ஒரு கழுதை வந்தது. அதன் முதுகில் ஜமீன்தாரின் வெளுத்த சட்டைகள் மூட்டையாகக் கிடந்தன. ஓட்டி வந்தவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டு எங்கோ பின்னால் நின்றுவிட்டார். கழுதை தன் பாட்டுக்கு நடந்து வந்தது.

ஒச்சப்பனின் மகள் பவளம் வாசலில் கூழாங்கல் ஆடிக்கொண்டிருந்தாள். ஏழு வயது. அப்பாவின் பழைய துண்டைக் கிழித்ததில் ஒரு பாதியை எப்போதும் தோளில் போட்டுக்கொண்டு திரிவாள். கழுதையைக் கண்டதும் கல்லைப் போட்டுவிட்டு எழுந்தாள். தோளில் கிடந்த துண்டை உருவி இடுப்பில் கட்டினாள். ஓரமாக ஒதுங்கி, முதுகை வளைத்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கழுதை கடந்து போகிறவரை நிமிரவில்லை.

கூரையில் ஓலை சொருகிக்கொண்டிருந்த ஒச்சப்பன் மேலிருந்து இதைப் பார்த்தான். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அவளுடைய இடது தோளைப் பார்த்தான். அது கொஞ்சம் தாழ்ந்திருந்தது. ஒச்சப்பனுக்கும் இடது தோள் தாழ்வுதான்; சின்ன வயதில் மாடு உதைத்தது. பவளத்தை எந்த மாடும் உதைக்கவில்லை. சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது.

இறங்கி வந்தான்.

"யாருக்குத்தா கும்பிட்ட?"

"மகாராசா சட்டைக்கு."

"சட்டைக்கா, கழுதைக்கா?"

பவளம் யோசித்தாள். "கழுதை மேலதானே சட்டை இருக்கு. ரெண்டுக்கும் சேர்த்துத்தான்."

"யாரு சொல்லிக்குடுத்தா?"

"யாரும் சொல்லலையே."

"நான் உனக்கு என்ன பாட்டு சொல்லிக்குடுத்தேன்? பாடு."

பவளம் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு சொல் பிசகாமல் பாடினாள்.

தலைக்கு மேலே வானம் ஒன்று,
வானத்தின் கீழே தலையெல்லாம் ஒன்று.

"பின்னே எதுக்குக் குனிஞ்ச?"

"அது பாட்டுப்பா," என்றாள் பவளம். "இது கும்பிடு."

அவளுக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை. ஒச்சப்பனுக்குத்தான் செவிட்டில் அறை வாங்கியதுபோல் இருந்தது.

ஆலங்கோம்பையில் ஜமீன் பல்லக்கு வந்தால் தோள் துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும். எங்கும் எழுதி வைக்கவில்லை. யாரும் யாரையும் உட்காரவைத்துச் சொல்லித் தந்ததும் இல்லை. அப்பன் செய்தான், மகன் செய்தான், அவ்வளவுதான். பல்லக்குக்குள் ஆள் இருக்கிறாரா என்றுகூட யாரும் பார்ப்பதில்லை. ஒருமுறை பல்லக்கின் கால் உடைந்து தச்சர் வீட்டு வாசலில் கிடந்தது. கிடந்த நாளெல்லாம் அந்தத் தெரு வழியாகப் போனவர்கள் துண்டை இறக்கிக்கொண்டுதான் போனார்கள். தச்சர் மட்டும் பாவம், இழைப்புளி பிடிக்க இரண்டு கையும் வேண்டுமென்று துண்டே போடாமல் வேலை பார்த்தார்.

ஒச்சப்பன் ஜமீன் தோப்பில் கமலை ஓட்டுகிறவன். பகலெல்லாம் மாடுகளோடு கிணற்றில் தண்ணீர் இறைப்பான். சாயங்காலமானால் ஊருக்கு மேற்கே இருக்கும் ஈச்சம்பாறைக்குப் போவான். அங்கே ஓர் அம்மாள் இருந்தாள். வயது ஒச்சப்பன் வயதுதான் இருக்கும். எங்கிருந்தோ நடந்து வந்தவள், பாறை இடுக்கில் குடியிருந்துகொண்டாள். ஊர்க்காரர்கள் பாறையம்மை என்றார்கள். திருநீறு கொடு என்று யாராவது கை நீட்டினால் அடுப்பைக் காட்டுவாள், வேண்டுமட்டும் அள்ளிக்கொள் என்று. வானத்தின் கீழே தலையெல்லாம் ஒன்று என்ற பாட்டு அவளிடம் கேட்டதுதான். ஒச்சப்பன் அதை நெஞ்சு விம்மப் பாடுவான். பாடிவிட்டு இறங்கும்போது வழியில் ஜமீன் ஆள் எதிர்ப்பட்டால் துண்டு இடுப்புக்கு வந்துவிடும். இரண்டும் ஒரே ஆள்தான் என்பது அவனுக்கு அன்றுவரை உறைக்கவில்லை.

அன்று உறைத்தது. உறைத்து முடிவதற்குள் தெருமுனையில் ஒரு இருமல் கேட்டது. ஜமீன் காரியஸ்தர் வைரவநாதனின் இருமல். ஒச்சப்பனின் துண்டு இடுப்பில் இருந்தது. எப்போது இறக்கினோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

"பாத்தேண்டா ஒச்சா, பாத்தேன்," என்றார் காரியஸ்தர். முகமெல்லாம் சிரிப்பு. "கழுதைக்கே இந்தக் கும்பிடு போடுதுன்னா! உன் மகளா?"

"ஆமாங்க எசமான்."

"இந்த ஊர்ப் பிள்ளைங்களுக்கு இப்பல்லாம் குளிர் விட்டுப்போச்சு. பல்லக்கு வந்தா வாயைப் பிளந்துக்கிட்டு நிக்குதுங்க. சொல்லிப் பாத்தாச்சு. பிரம்பெடுத்தும் பாத்தாச்சு. ஒண்ணும் நடக்கல." அவர் பவளத்தின் தலையைத் தட்டினார். "பிள்ளைங்க பிள்ளைய பாத்துத்தாண்டா கத்துக்கும். வெள்ளிக்கிழமை கொடியேத்தம். மகாராசா பல்லக்குல வர்றாரு. ஊர்ப் பிள்ளை மொத்தத்தையும் கோயில் வாசல்ல வரிசை கட்டி நிறுத்தப்போறேன். உன் மக முன்னால நிப்பா. இவ என்ன செய்யிறாளோ அதைப் பாத்து மத்ததெல்லாம் செய்யும்."

ஒச்சப்பன் வாயைத் திறந்தான்.

"அரண்மனையில இருந்து சிவப்புப் பாவாடை வரும். துண்டும் வரும்," என்றார் காரியஸ்தர்.

"சிவப்பா?" என்று பவளம் குதித்தாள்.

அவர் போனதும் ஒச்சப்பனின் மனைவி முத்திருளி வெளியே வந்தாள். எல்லாவற்றையும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருந்தாள்.

"ஏய்யா, முகத்தை எதுக்கு இப்படித் தொங்கப்போட்டிருக்க? பிள்ளைக்குப் புதுப் பாவாடை கிடைக்குது."

"ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் குனியச் சொல்லிக்குடுக்கப் போறா, என் மக."

"குனிஞ்சா என்ன, முதுகு தேஞ்சா போயிரும்? நீ குனியல? நான் குனியல?"

அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

சாயங்காலம் பாறைக்குப் போனான். பாறையம்மை கேழ்வரகில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் நடந்ததைச் சொன்னான். கழுதையைச் சொல்லும்போது அவள் சிரித்துவிட்டாள். காரியஸ்தரைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

"ஒரு மந்திரம் குடுங்கம்மா," என்றான் ஒச்சப்பன். "வெள்ளிக்கிழமைக்குள்ள என் மக முதுகுல ஏறுன கூனை இறக்கணும்."

"கமலைக்குப் புது மாடு வந்தா எப்படிப் பழக்குவ?"

"பழைய மாட்டோட ஜோடி பூட்டுவேன்."

"பின்பக்கமாவே நடந்து மேடு ஏறணுமே. மாட்டுக்கு அது வராதே. காதுல சொல்லுவியா?"

"காதுல சொன்னா மாட்டுக்கு என்னம்மா விளங்கும்? பக்கத்து மாடு பின்பக்கமா நடக்கும். அதைப் பாத்து இதுவும் நடந்துரும்."

"பழைய மாடு நொண்டுனா?"

அப்படி ஒரு ஜோடியை அவன் ஓட்டியிருக்கிறான். பழைய மாட்டுக்குக் காலில் புண் இருந்தது. கொஞ்ச நாளில் புது மாடும் காலை இழுத்தது. வைத்தியர் வந்து புது மாட்டின் காலைத் தடவித் தடவிப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை.

"நாளைக்குப் பிள்ளைய கூட்டிட்டு வா," என்றாள் பாறையம்மை.

மறுநாள் பவளம் வந்தாள். பாறையில் ஓணான் தேடினாள். பாறையம்மை அவளைக் கூப்பிட்டு எதிரே நிறுத்தினாள்.

"நான் சொல்றதைச் செய்யணும். சரியா?"

"சரி."

"தலையைத் தொடு," என்றாள் பாறையம்மை. சொல்லிக்கொண்டே தன் மூக்கைத் தொட்டாள்.

பவளம் மூக்கைத் தொட்டாள்.

"தலையைத் தொடுன்னுதானே சொன்னேன்?"

பவளம் களுக்கென்று சிரித்தாள். "இன்னொருவாட்டி சொல்லுங்க."

"காதைப் பிடி." பாறையம்மையின் கை முழங்காலுக்குப் போனது. பவளத்தின் கையும் முழங்காலுக்குப் போனது. பவளத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பாறையிலேயே உருண்டாள். பாறையம்மை ஒச்சப்பன் பக்கம் திரும்பினாள்.

அவனும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சட்டென்று கையை எடுத்தான். முகம் சுண்டிப்போனது. மகள் பார்த்துவிட்டாளா என்று பார்த்தான். பார்த்துவிட்டாள்; இன்னும் பலமாகச் சிரித்தாள்.

அவனுக்குக் கோபம் வந்தது. வெட்கத்தில் வரும் கோபம் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

"புரியுதும்மா. நான் குனியாம நிக்கணும்ங்கிறீங்க. அதைத்தானே சுத்தி வளைச்சுச் சொல்றீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலையே. மூக்கைத்தானே தொட்டேன்."

"நான் நிமிந்து நின்னா என்ன நடக்கும் தெரியுமா? கமலை போயிரும். குடிசை நிக்கிறது ஜமீன் புறம்போக்கு. மறுநாளே பிரிச்சுப் போட்ருவாங்க. பொண்டாட்டி பிள்ளையோட நான் எங்க போவேன்? உங்களுக்கென்ன, குடிசையா, குடும்பமா? நீங்க நிமிந்துதான் உக்காந்திருக்கீங்க. யாரு இல்லைன்னா? இந்தப் பாறைக்கு எந்தப் பல்லக்கும்மா வருது?"

பவளம் சிரிப்பை நிறுத்திவிட்டாள். அப்பா இப்படிக் குரல் உயர்த்தி அவள் கேட்டதில்லை. பாறையம்மையின் முகத்தைப் பார்த்தாள்.

பாறையம்மை கேழ்வரகு முறத்தைக் கீழே வைத்தாள்.

"வராது," என்றாள். "நீ சொல்றது நிசம்."

அவள் எதிர்த்துப் பேசியிருந்தால் ஒச்சப்பன் இன்னும் நாலு வார்த்தை பேசியிருப்பான். நிசம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினான்.

"இனிமே இந்தப் பாறை ஏறினா என்னை என்னன்னு கேளுங்க," என்று பாதி வழியில் நின்று கத்தினான்.

மேலே பாறையம்மை முறத்தை மறுபடி மடியில் எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமைக்கு முன் அவன் என்னென்னவோ செய்து பார்த்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லலாமா என்று நினைத்தான். பவளம் தெருவெல்லாம் சிவப்புப் பாவாடை என்று பாடிக்கொண்டு திரிந்தாள். மாமியார் ஊருக்கு அனுப்பலாமா என்று முத்திருளியைக் கேட்டான். அவள் அகப்பையை எடுத்தாள். கடைசியில் மகளையே உட்காரவைத்துப் பேசினான்.

"நீ அன்னிக்குக் குனிய வேண்டாந்தா."

"நீ குனியமாட்டியா?"

"நான் பெரியவன். அது வேற."

"பெரியவங்கதான் குனியணுமா?"

அவன் எழுந்து தோப்புக்குக் கிளம்பினான்.

தோப்பில் ஆள் இல்லாத நேரத்தில் மாடுகளுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று பார்த்தான். நன்றாகத்தான் நின்றான். துண்டு தோளில் கிடந்தது, நெஞ்சு முன்னால் வந்தது. மாடுகள் அசைபோட்டுக்கொண்டே அவனைப் பார்த்தன. அந்தச் சமயம் வேலிக்கு அப்பால் யாரோ இருமினார்கள். திரும்பிப் பார்ப்பதற்குள் துண்டு இடுப்புக்கு வந்திருந்தது. இருமியவன் பனையேற வந்த ஆள். ஒச்சப்பன் தன் கையை ஓங்கி ஒரு அடி அடித்தான். வலித்ததுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை வந்தது.

கோயில் வாசலில் ஊரே கூடிவிட்டது. பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஆளுக்கொரு துண்டு வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும் என்பது காரியஸ்தர் உத்தரவு. அப்பன்மாரின் பழைய துண்டு பிள்ளைகளின் தோளிலிருந்து தொங்கித் தரையைக் கூட்டியது. வரிசைக்கு முன்னால், ஒரு கல்லின் மேல், சிவப்புப் பாவாடையும் தோளில் சிவப்புத் துண்டுமாகப் பவளம் நின்றாள். முத்திருளி அவளுக்கு மை வைத்து, கன்னத்தில் ஒரு பொட்டும் வைத்திருந்தாள்.

காரியஸ்தர் பிரம்போடு வரிசையின் முன் நடந்தார்.

"எல்லாரும் இவளையே பாக்கணும். அங்க இங்க பராக்குப் பாத்தா முதுகு பிஞ்சிரும். இவ என்ன செய்யிறாளோ அதையே செய்யணும். புரியுதா?"

"புரியுதுங்க," என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

ஒச்சப்பன் எதிர்வரிசைக் கூட்டத்தில் நின்றான். பாறையம்மை வந்திருக்கிறாளா என்று தேடினான். சண்டை போட்டவன்தான், என்றாலும் தேடினான். அவள் ஒரு ஓரமாக நிமிர்ந்து நின்றால் போதும், அதைப் பார்த்துக்கொண்டு தானும் நின்றுவிடலாம் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை. கூட்டத்தை ஒரு தலை விடாமல் பார்த்தான். அவள் வரவில்லை.

'பாட்டு மட்டும் நல்லா வருது' என்று மனதுக்குள் திட்டினான்.

கொம்பு முழங்கியது. தெரு திரும்பிப் பல்லக்கு வந்தது. திரை மூடியிருந்தது. கூட்டத்தில் சலசலவென்று துண்டுகள் இறங்கின. ஒச்சப்பனின் கை தோளுக்குப் போனது. அவன் அனுப்பவில்லை, அதுவாகவே போனது. துண்டு உருவிக்கொண்டு வந்தது. முதுகும் பாதி வளைந்துவிட்டது. அந்த நிலையில் அவன் மகளைப் பார்த்தான்.

பவளம் பல்லக்கைப் பார்க்கவில்லை. காரியஸ்தரையும் பார்க்கவில்லை. இத்தனை கூட்டத்தில் அப்பனைத் தேடிப் பிடித்து, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இடது தோள் தாழத் தொடங்கியிருந்தது. கை சிவப்புத் துண்டின் மேல் இருந்தது. அவளுக்குப் பின்னால் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரின் கையும் துண்டின் மேல் இருந்தது. அத்தனை இடது தோளும் தாழ்ந்திருந்தது.

என்னை உதைத்த மாடு இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாரையும் உதைக்கப் போகிறது என்று ஒச்சப்பன் நினைத்தான். அந்த நினைப்புக்கு அப்புறம் கமலையும் குடிசையும் ஞாபகத்துக்கு வரவில்லை. பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். பயம் அப்படியே இருந்தது. ஆத்திரம் அதற்கு மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

நிமிர்ந்தான். சுற்றிலும் குனிந்த முதுகுகளுக்கு நடுவில் அவன் மட்டும் தலை நீட்டிக்கொண்டு நின்றான்.

கையில் துண்டு இருந்தது. அதை என்ன செய்வது? அந்தக் கைக்கு இடுப்பு ஒன்றுதான் தெரியும். ஒரு கணம் அந்தரத்தில் தடுமாறியது. பிறகு மேலே கொண்டுபோனான். தலையைச் சுற்றி ஒரு சுற்று, இரண்டு சுற்று சுற்றி, இறுக்கி முடிந்தான். ஜமீன் தெருவில் அவன் வம்சத்தில் யாரும் தலைப்பாகை கட்டியதில்லை. கோணல்மாணலாகத்தான் வந்தது.

பவளத்தின் கண் அகன்றது.

சிவப்புத் துண்டை உருவினாள். தலையில் சுற்றினாள். அது வழிந்து கண்ணை மறைத்தது. மேலே தள்ளிவிட்டு மறுபடி சுற்றி முடிந்தாள். முடிந்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றாள். அப்பனின் இடது தோள் நிமிர்ந்த பிறகும் தாழ்ந்துதான் இருந்தது. அவளுடையது நேராக இருந்தது.

பிள்ளைகள் காரியஸ்தர் சொன்ன சொல்லைத் தட்டவில்லை. இவ என்ன செய்யிறாளோ அதையே செய்யணும் என்பது உத்தரவு. அத்தனை துண்டும் தலைக்கு ஏறியது. ஒரு பொடியனுக்குக் கட்டத் தெரியவில்லை, முக்காடாகப் போட்டுக்கொண்டான். ஆனாலும் நேராக நின்றான்.

காரியஸ்தர் பல்லக்கின் பக்கம் திரும்பிக் குனிந்திருந்ததால் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிள்ளைகள் எப்படிக் குனிந்திருக்கிறார்கள் என்று ரசிப்பதற்காகத் தலையைத் திருப்பினார். வரிசையாகத் தலைப்பாகைகள்.

"குனிங்கடா!" என்று கத்தினார். "கழட்டுங்கடா! குனிங்க!"

பிரம்பை ஓங்கிக்கொண்டு விறைப்பாக நின்று கத்தினார். பிள்ளைகள் அவரைப் பார்த்தார்கள். அவர் விறைப்பாக நிற்பதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் விறைத்தார்கள்.

"இவளையே பாக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றான் முக்காட்டுப் பொடியன்.

காரியஸ்தருக்கு வேறு வழி தெரியவில்லை. பிரம்பைக் கக்கத்தில் இடுக்கினார். தன் சரிகைத் துண்டைத் தோளிலிருந்து உருவி இடுப்பில் கட்டினார்.

"இப்படி! என்னைப் பாருங்க! இப்படி!"

ஊர்ப் பிள்ளைகளின் முன்னால் முதுகை வளைத்து, வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார். பிள்ளைகள் தலைப்பாகையோடு நேராக நின்று அதை ஏற்றுக்கொண்டார்கள்.

கூட்டத்தில் யாரோ ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒருவருக்கு வந்தால் போதாதா? குனிந்திருந்த முதுகுகள் குலுங்கின. பல்லக்குத் தூக்கிகள் சுமையோடு சிரிக்க முடியாமல் பல்லைக் கடித்தார்கள். பல்லக்கு லேசாக ஆடியது. திரை விலகவில்லை. உள்ளே ஆள் இருந்தாரா என்பது இன்றுவரை ஊருக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் குடிசையைப் பிரிக்க ஆள் வந்தது. வந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான். ஒச்சப்பன் முகத்தைப் பார்க்காமல் வேலை பார்த்தார்கள். சட்டிபானையை உடையாமல் வெளியே எடுத்து வைத்தார்கள். ஓலையைக் கிழிக்காமல் உருவி அடுக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் காரியஸ்தர் இருமிக்கொண்டே வந்தார்.

ஒச்சப்பன் அவர்களைக் கவனித்தான். கூரை மேல் இருந்தவனின் துண்டு தோளில் கிடந்தது. கீழே ஓலை வாங்கிக்கொண்டிருந்தவன் துண்டும் தோளிலேயே கிடந்தது. காரியஸ்தரும் கவனித்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "சீக்கிரம் ஆகட்டும்டா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஏறமாட்டேன் என்று சத்தியம் செய்த பாறையை ஒச்சப்பன் அன்று மதியம் ஏறினான். பின்னால் மூட்டையோடு முத்திருளி. அவனுக்கும் முன்னால், தலையில் சிவப்புத் துண்டோடு பவளம். இரவு அதைக் கழற்றாமலே தூங்கியிருந்தாள்.

முத்திருளி மூட்டையைத் தொப்பென்று பாறையில் போட்டாள்.

"இவரு உங்க பாட்டைக் கேட்டுத்தான் கெட்டாரு," என்றாள் பாறையம்மையிடம். "தலைக்கு மேல வானம் ஒண்ணுன்னு பாடுனீங்கள்ல? இப்ப அது ஒண்ணுதான் எங்க தலைக்கு மேல மிச்சம் இருக்கு. சந்தோசமா?"

பாறையம்மை கூழ்ப் பானையை எடுத்து முத்திருளியின் முன்னால் வைத்தாள். முத்திருளி முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு பவளத்துக்கு ஊற்றினாள். பிறகு தானும் குடித்தாள்.

ஒச்சப்பன் எட்டவே நின்றான்.

"ஏம்மா நேத்து வரல? கூட்டம் பூரா உங்களைத்தான் தேடினேன்."

"எதுக்கு?"

"நீங்க நிக்கிறதைப் பாத்தா எனக்கும் தெம்பு வரும்னு."

"வந்திருந்தா நீ என்னைப் பாத்திருப்ப."

"ஆமாம்மா."

"அந்நேரம் அவ யாரைப் பாத்துக்கிட்டு இருந்தா?"

ஒச்சப்பன் மகளைப் பார்த்தான். அவள் கூழை மீசை மாதிரி உதட்டில் அப்பிக்கொண்டு அவனைப் பார்த்தாள். கிட்டே போய்த் தன் துண்டால் அதைத் துடைத்துவிட்டான்.

பிறகு பாறையம்மை பவளத்தைக் கூப்பிட்டாள்.

"இதை எப்படிக் கட்டுன? எனக்குக் காட்டு."

"உங்களுக்கா?"

"எனக்குத்தான்."

பவளம் துண்டை அவிழ்த்தாள். மெதுவாக, ஒவ்வொரு சுற்றாகக் கட்டிக் காட்டினாள். பாறையம்மை மூலையில் கிடந்த ஒரு பழைய துணியை எடுத்துத் தன் தலையில் சுற்றினாள். அது அவிழ்ந்து தோளில் விழுந்தது.

"அப்படி இல்ல. இறுக்கணும். என்னைப் பாருங்க," என்றாள் பவளம்.

பாறையம்மை அவளைப் பார்த்துப் பார்த்து மறுபடி கட்டினாள். இந்தத் தடவை நின்றது. பவளத்தினுடையதைப் போலவே ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

எழுந்தாள். முறத்தைப் பாறை இடுக்கில் சாத்தினாள். அடுப்பில் தண்ணீர் தெளித்தாள். முத்திருளியின் மூட்டையைத் தூக்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கத் தொடங்கினாள்.

"எங்கம்மா போறீங்க?" என்றான் ஒச்சப்பன்.

"உன் குடிசை இருந்த இடத்துக்கு. ஓலையெல்லாம் கிழியாமக் கிடக்கா?"

"கிடக்கும்மா. ஆனா அது பல்லக்கு போற பாதை."

பாறையம்மை திரும்பாமலே சொன்னாள்.

"அதுக்குத்தான் போறேன். இந்தப் பாறைக்குத்தான் அது வரமாட்டேங்குதே."